பச்சிளங் குழந்தையும் பெரியவர் சளியும்

நெசவாளர் வீட்டில் தறியும் தூளியும் அருகருகே இருப்பது அங்கத்தினர் அனைவரும் அறிந்த காட்சியாகும். கணவன் தறிக்குழியில் அமர்ந்து மிதிபலகையை மிதித்துக்கொண்டிருப்பான். இராட்டையில் தார் சுற்றும் மனைவியோ, காற்பெருவிரலில் கட்டிய கயிற்றினால் தூளியை ஆட்டிக்கொண்டிருப்பாள். உழவர் குடும்பத்திலும் இதே நிலைதான். அறுவடை நாட்களில் களத்துமேட்டு வேப்பங்கிளையில் தூளி தொங்கும். உழைப்பும் மழலையும் ஒரே நிழலில் வளர்வது நம் குடிகளுக்கு வாய்த்த சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடே தொழிற்கூடமாகவும், பலர் வந்து போகும் இடமாகவும் இருப்பதால், அங்கே கண் விழித்துக் கிடக்கும் சிசுவுக்கு ஓர் ஆபத்தும் உடன் இருக்கிறது. அந்த ஆபத்தை இம்மாதம் அங்கத்தினர் முன் எடுத்து வைக்க விரும்புகிறோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சென்ற ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னதாகத் துணிகளின் கணக்கைப் பார்த்து வருவதற்காக அங்கத்தினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே பிறந்து 38 நாளான பெண் குழந்தை தூளியில் உறங்கிக்கொண்டிருந்தது. பாட்டியார் மகிழ்ச்சி தாளாமல் குழந்தையை எடுத்து, “பேத்தியைப் பாருங்க தம்பி, அப்படியே அவங்க தாத்தா மூக்கு” என்று சொல்லி நம் கையில் கொடுத்தார். மழையில் நனைந்ததனால் நமக்கு அன்று இலேசான ஜலதோஷம் இருந்தது. அதை ஒரு பொருட்டாகக் கருதாமல் குழந்தையை வாங்கிக் கொஞ்சினோம். கன்னத்தில் முத்தமும் இட்டோம். பள்ளியிலிருந்து திரும்பிய அதன் அண்ணனும், மூக்கு ஒழுக ஓடி வந்து தங்கையின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டான். அனைவரும் சிரித்தோம்.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. குழந்தை தாய்ப்பாலைப் பற்றியும் பற்றாமலும் விடுகிறது, மூச்சு வாங்குகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுகிறது என்றார்கள். வீட்டில் ஒருவர் மாந்தம் என்றார். மற்றொருவர் சீர் தட்டிவிட்டது என்றார். உரம் எடுக்கும் அம்மையாரிடம் ஒரு முறை கொண்டுபோயும் வந்தார்கள். தந்தைக்கோ வேறொரு கவலை. பாவில் இரண்டே சேலைகள் மீதம். பண்டிகைக்கு முன் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும். ஆகவே, “பாவை அறுத்துக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்” என்று அவர் எண்ணினார். நல்வினைப் பயனாக அன்று காலை கிராம சுகாதாரச் செவிலியர் தமது வழக்கமான வீட்டுப் பார்வைக்கு வந்தார். குழந்தையின் சட்டையைத் தூக்கி மார்பை ஒரு நிமிடம் பார்த்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல் 108ஐ அழைத்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆறு நாட்கள் பிராணவாயு கொடுத்தபின் குழந்தை பிழைத்தது.

“பெரியவர்களுக்கு மூக்கில் நீர் வடியச் செய்யும் அதே கிருமிதான். இந்த வயதில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது” என்று மருத்துவர் கூறினார். அக்கிருமி நம்மிடமிருந்து சென்றதோ, அண்ணனிடமிருந்து சென்றதோ, யார் சொல்ல வல்லார்? ஆயினும் அன்றுமுதல் நம் மனம் அமைதி கொள்ளவில்லை. அந்த அமைதியின்மையே இக்கட்டுரையின் பிறப்பிடம்.

சிறு வாய்க்காலில் பெரும் அடைப்பு

மருத்துவர் குறிப்பிட்ட கிருமியின் பெயர் ஆர்.எஸ்.வி. என்பதாகும். இது வைரஸ் இனத்தைச் சேர்ந்தது. சுவாச உறுப்புகளில் தங்குவதும், தான் புகுந்த உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாக்கிவிடுவதும் இதன் குணங்கள். இவ்விரண்டையும் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே அம்மூன்றெழுத்து. சரியாகக் கஞ்சி ஏறாத பாவில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நாடாவை ஓடவிடாமல் செய்வதை நெசவாளர் அறிவர். இக்கிருமி நுரையீரலின் உட்புறத்தில் செய்வதும் ஏறக்குறைய அத்தகைய காரியமே.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஓர் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சளி கண்டபோது இது முதன்முதலில் பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ராபர்ட் சேனாக் என்னும் அறிஞர், பால்டிமோர் நகரத்துக் குழந்தைகளிடம் இதே கிருமியைக் கண்டார். குரங்கின் நோய் என்று கருதப்பட்டது, உண்மையில் உலகத்துக் குழந்தைகள் அனைவருக்கும் பொதுவான நோய் என்பது அதன்பின் விளங்கிற்று. இரண்டு வயது நிரம்புவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் இது ஒரு முறையாவது தொட்டுவிடுகிறது. பெரும்பாலோர் ஒரு வாரம் சளியும் இருமலுமாய் இருந்து தேறிவிடுகின்றனர். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 36 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் இதனால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். ஏறத்தாழ 1,00,000 குழந்தைகள் மடிகின்றனர். மடிவோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆறு மாதம் நிரம்பாத சிசுக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் செல்வம் குறைந்த நாடுகளில் பிறந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நோய் எல்லா நாட்டிலும் ஒன்றே. மருத்துவமனைக்குச் செல்லும் வழியின் தூரமும், அங்கே பிராணவாயு இருப்பதும் இல்லாததுமே வேற்றுமை.

ஒரே கிருமி பெரியவருக்குத் தும்மலையும் சிசுவுக்கு உயிராபத்தையும் உண்டாக்குவது ஏன் என்ற வினா எழுவது இயல்பு. பெரிய வாய்க்காலில் ஒரு கூடை மண் சரிந்து விழுந்தால் நீர் ஒதுங்கிப் போய்விடும். பாத்திக்குப் பாயும் சிறு வாய்க்காலில் அதே மண் விழுந்தால் பயிர் காய்ந்துபோகும். சிசுவின் நுரையீரலிலுள்ள கடைசிக் காற்றுக்குழாய்கள் நூலிழை போன்றவை. கிருமியினால் அவற்றின் உட்சுவர் வீங்குகிறது. சளியும் இறந்த அணுக்களும் சேர்ந்து அடைப்பாகின்றன. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே செல்லும் காற்றுக்கு உண்டாகும் தடை இரண்டு மடங்கு அன்று. சுமார் 16 மடங்கு என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தடையை வென்று மூச்சிழுக்கப் பச்சை உடம்பு எவ்வளவு பாடுபட வேண்டும்! விலாவின் கீழ் விழும் குழி அந்தப் பாட்டின் அடையாளமே.

மேலும், முதல் சில மாதங்களில் சிசு பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கிறது. மூக்கு அடைத்துக்கொண்டால் அதனால் பால் குடிக்க இயலாது. பால் இறங்காவிட்டால் உடலில் நீர் குறையும், வலுக் குறையும், வலுக் குறைந்தால் மூச்சும் தளரும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய்த் துன்பம் தொடர்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களும், இரண்டு மாதம் நிரம்பாதவர்களும், இருமலோ காய்ச்சலோ இன்றியே சில விநாடிகள் மூச்சை நிறுத்திவிடுவதும் உண்டு. பொதுவாக நோய் கண்ட மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில் நிலைமை மோசமாகும். முதல் நாள் இலேசாக இருந்ததே என்று நான்காம் நாள் அசட்டையாக இருத்தல் தகாது.

விதைக்குள் வைத்த உணவு

உழவர்க்கு ஒன்று தெரியும். மண்ணில் விழுந்த விதை முளைத்து வேர் ஊன்றும்வரை, தாய்ச்செடி அதனுள் வைத்தனுப்பிய உணவைக் கொண்டே வாழ்கிறது. மனிதக் குழந்தையும் அவ்வாறே. தாய் தன் வாழ்நாளில் எந்தெந்தக் கிருமிகளோடு போராடி வென்றாளோ, அந்த வெற்றியின் பயனாகிய எதிர்ப்பொருள்களைக் கொப்பூழ்க்கொடியின் வழியாகக் கருவுக்கு அனுப்புகிறாள். இவற்றுள் பெரும் பகுதி கருவுற்ற கடைசி மாதங்களிலேயே செல்கிறது. ஆகையால் குறைமாதக் குழந்தை கட்டுச்சோறு கட்டாமல் நெடும்பயணம் புறப்பட்டவனைப்போல் வருகிறது. நிறைமாதக் குழந்தைக்கும் அந்தக் கட்டுச்சோறு சில மாதங்களில் தீர்ந்துபோகும். அதற்குள் அதன் சொந்த எதிர்ப்புச்சக்தி வளர வேண்டும்.

இந்த இடைவெளியில் துணை நிற்பது தாய்ப்பால். பிரசவித்த முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால், எதிர்ப்பொருள் மிகுந்தது. ‘பழைய பால்’ என்று அதைப் பீய்ச்சி எறிவது, விதைநெல்லைக் குப்பையில் கொட்டுவதற்கு ஒப்பாகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குவதும், ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடாமல் இருப்பதும் செலவில்லாத காவல்கள்.

இன்னும் சில பகைவர்கள்

ஆர்.எஸ்.வி. ஒன்றே சிசுவின் பகையன்று. வேறு சிலவற்றையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நன்று.

ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்குச் செல்லக்கூடியது. வயது வந்தவரை இது தொற்றினால், 100க்கு 95 பேருக்கு மேல் உடலே அதை வெளியேற்றிவிடும். பிறக்கும்போது தொற்றினாலோ, 100க்கு 90 குழந்தைகள் வரை வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்க நேரிடும். நாற்பது, ஐம்பது வயதில் கல்லீரல் சுருங்குவதற்கும் புற்றுநோய்க்கும் அது வித்தாகலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஓர் ஊசி இதைப் பெரிதும் தடுக்கிறது. அது நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது, கட்டணமும் இல்லை. ‘நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்’ என்று அதைத் தள்ளிவைத்தல் கூடாது. அந்த ஊசிக்கு முதல் நாளே நல்ல நாள்.

உதட்டோரத்தில் சிறு கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் என்பது மற்றொன்று. பெரியவருக்கு அது ஒரு வார எரிச்சல். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கோ, ஒரு முத்தத்தின் வழியே சென்று மூளையையும் கல்லீரலையும் தாக்கவல்லது. சில வேளைகளில் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் வரும். இந்நோய்க்கு அசைக்ளோவிர் என்னும் நல்ல மருந்து உண்டு. ஆனால் காலம் தாழ்த்தினால் மருந்திருந்தும் பயனில்லை.

கொசுவினால் பரவும் சிக்குன்குனியாவும் பிரசவ வேளையில் தாய்க்கு இருந்தால் சேயைத் தொற்றும். இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் இந்நோய் பெருவாரியாகப் பரவியபோது, பிரசவ நேரத்தில் இரத்தத்தில் கிருமி இருந்த தாய்மாரின் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரை அது தொற்றியது. ஆகவே நிறைமாதக் கர்ப்பிணி பகலிலும் கொசு கடியாமல் காத்துக்கொள்ள வேண்டும். சாயத் தொட்டியருகிலும் தோட்டத்திலும் மூடாத பாத்திரங்களில் நீர் தேங்கவிடுதல் ஆகாது.

கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸைப் பற்றி ஒரு மகிழ்ச்சியான செய்தி உண்டு. 1980களில் டெல்லியில், புதிதாய்ப் பிறந்த சில குழந்தைகளிடம் இக்கிருமியின் ஒரு வகை காணப்பட்டது. அது அவர்களுக்கு நோய் எதையும் செய்யவில்லை; பிற்காலத்தில் வந்த கடும் நோயிலிருந்து அவர்களைக் காக்கவும் செய்தது. நம் நாட்டு அறிஞர்கள் அதையே கொண்டு சொட்டு மருந்து ஆக்கினர். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. வேலூர்ப் பக்கத்துத் தாய்மாரும் அதில் பங்கு கொண்டனர் என்பது நமக்குப் பெருமை. 2016 முதல் ரோட்டா சொட்டு மருந்து நம் தேசியத் திட்டத்தில் இருக்கிறது. ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் இலவசமாகக் கிடைப்பதைத் தவறவிடலாகாது.

ஒரு தோல்வியும் அதன் பயனும்

ஆர்.எஸ்.வி.க்குத் தடுப்பு மருந்து காணும் முயற்சி நெடியது, துயரமும் கலந்தது. 1960களின் நடுவில் அமெரிக்க அறிஞர்கள், கிருமியை ஃபார்மலின் என்னும் திரவத்தினால் செயலிழக்கச் செய்து ஊசி மருந்து தயாரித்தனர். இளம்பிள்ளை வாதத்துக்கு முன்னர் அம்முறையில் வெற்றி கிடைத்திருந்தது. ஆனால் இங்கே நேர்ந்தது எதிர்மாறு. ஊசி போட்டுக்கொண்ட சிசுக்களைப் பின்னர் இயற்கையாக நோய் தொற்றியபோது, காப்பதற்குப் பதிலாக அம்மருந்தே நோயைக் கடுமையாக்கியது. ஓர் ஆய்வில், ஊசி பெற்று நோய் தொற்றியவர்களுள் 100க்கு 80 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். ஊசி பெறாது நோய் தொற்றியவர்களுள் 100க்கு ஐவரே சென்றனர். ஊசி பெற்ற இரண்டு குழந்தைகள் இறந்தன.

அறிஞர்கள் இதை மறைக்கவில்லை, வெளியிட்டனர். முயற்சி பல்லாண்டு தேங்கி நின்றது. காரணம் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கிருமியின் மேலே முள் போன்ற புரதம் ஒன்று உண்டு. அணுவினுள் புகுமுன் அதற்கு ஓர் உருவம்; புகுந்தபின் வேறோர் உருவம். முதல் உருவத்தைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருளே கிருமியை வலுவாக அடக்கும். ஃபார்மலினால் கெட்ட மருந்திலோ, முதல் உருவம் இல்லாமற் போய்விட்டது. பகைவனின் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக் காவலனைப் பழக்கியது போலாயிற்று. 2013ஆம் ஆண்டில் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம் முதலிய அறிஞர்கள் முதல் உருவத்தின் அமைப்பைத் துல்லியமாகக் கண்டு, அதை மாறாமல் நிறுத்தி வைக்கும் வழியும் கண்டனர்.

அதன்பின் வழி திறந்தது. இன்று இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, கர்ப்பிணிக்குப் போடும் ஊசி. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் கட்டுச்சோறாகச் சேய்க்குச் செல்கிறது. 18 நாடுகளில் 7,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்திய சோதனையில், பிறந்த முதல் மூன்று மாதங்களில் இக்கிருமியினால் வரும் கடும் நுரையீரல் நோய் 100க்கு 80 அளவுக்குக் குறைந்ததென 2023இல் அறிவித்தனர். மற்றொன்று, நிர்செவிமாப் எனப்படுவது. இது எதிர்ப்பொருளையே ஆயத்தமாகச் செய்து சிசுவுக்கு ஒரே ஊசியாகப் போடுவது. ஐந்து மாதமேனும் காக்கும். இவ்விரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் மேற்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இவற்றின் விலை இன்னும் எளியோருக்கு எட்டுவதாயில்லை. ஆயினும் குறைமாதக் குழந்தையோ, பிறவியிலேயே இருதயக் கோளாறுள்ள குழந்தையோ இருக்கும் இல்லத்தார், மருத்துவரிடம் இவற்றைப் பற்றிக் கேட்டறிதல் நலம். ரோட்டா சொட்டு மருந்தைப் போல் இவையும் ஒரு நாள் ஏழையின் தூளிவரை வந்து சேரும் என்று நம்புகிறோம்.

காத்திராமல் புறப்பட வேண்டிய குறிகள்

இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவிடம் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று கண்டாலும், இரவென்றும் மழையென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

பால் குடிக்க மறுத்தல், அல்லது வழக்கமாகக் குடிப்பதில் பாதியும் குடியாதிருத்தல்.

மூச்சு மிக வேகமாக ஓடுதல். குழந்தை அழாமல் அமைதியாய் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 60 அல்லது அதற்கு மேலிருந்தால் மறுபடியும் ஒரு முறை எண்ணுக. மீண்டும் அவ்வாறே இருந்தால் அது அபாயம்.

மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்குதல், முனகுதல், நாக்கும் உதடும் நீலம் பாய்தல், மூச்சு இடையே நின்று நின்று வருதல்.

உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருத்தல், அல்லது 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழிறங்கி உடல் சில்லிட்டுப் போதல். சிசுவுக்குக் காய்ச்சல் மட்டுமன்றிக் குளிர்ந்துபோதலும் கொடிய நோயின் குறியே.

வலிப்பு, தொட்டு எழுப்பினாலன்றி அசையாமல் துவண்டு கிடத்தல்.

ஆர்.எஸ்.வி. தாக்கினால் அதை நேரே கொல்லும் எளிய மருந்தில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாக்களுக்கு உரியவை. வைரஸிடம் அவை செல்லா. பிராணவாயுவும், மூக்கடைப்பை நீக்குதலும், உணவும் நீரும் குறையாமல் பார்த்தலுமே சிகிச்சை. உடல் தானே போராடி வெல்லும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே மருத்துவமனை செய்யும் பேருதவி. அவ்வுதவியை வீட்டில் செய்ய இயலாது. கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்து சிசுவுக்கு ஒருபோதும் ஆகாது.

கொள்வனவும் தள்ளுவனவும்

நம் முன்னோர் வழக்கங்கள் யாவும் தவறென்று நாம் கூற வரவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் வாயிலில் வேப்பிலை செருகி, தாயையும் சேயையும் தனி அறையில் வைத்து, வெளியார் நேரே உள்ளே நுழையாமல், கை கால் கழுவியே அணுகச் செய்த வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எதுவாயினும், விளைந்த பயன் நன்றே. அதை நாம் விட்டுவிட்டு, இன்று பத்தாம் நாளே கலியாண வீட்டுக் கூட்டத்துக்குச் சிசுவைத் தூக்கிச் செல்கிறோம். விட்டதை மீண்டும் கைக்கொள்ளுதல் தகும்.

ஆனால் தள்ள வேண்டியவையும் உண்டு. பிறந்தவுடன் சேனை வைப்பது என்று பலர் விரலால் சர்க்கரைநீரோ தேனோ தொட்டு வாயில் வைத்தல். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் வாயால் ஊதுதல். மூக்கில் எண்ணெய் விடுதல். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்டுதல். மூச்சுத் திணறும் குழந்தையை உரம் எடுப்பதாகச் சேலையில் இட்டு உருட்டுதல். தொக்கம் எடுப்பதாகத் தொண்டையில் ஊதுதல் ஆகியவை. விரல் வழியே கிருமி செல்லும். எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தனி நோய் உண்டாக்கும். புகை, வீங்கிய குழாயை மேலும் வருத்தும். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அவ்வாறே. பெரிய தாய்மாரின் அன்பை நாம் அறிவோம். அந்த அன்புக்கு இப்புதிய அறிவும் துணை சேர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சோப்பு எல்லாவற்றிலும் எளிய ஆயுதம். ஆர்.எஸ்.வி. கிருமி தும்மல் துளியில் மட்டுமன்றி, கையில் சிறிது நேரமும், கதவுத் தாழ்ப்பாள் போன்ற கடினமான பொருள்களின் மேல் சில மணி நேரமும் உயிரோடிருக்கும். சோப்பு பட்டால் அழிந்துபோகும். தறியைவிட்டு எழுந்தவரும், வயலிலிருந்து வந்தவரும், பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் கை கழுவியபின்பே தூளியருகில் செல்வது என்ற ஒரு விதியை வீட்டில் ஏற்படுத்தினால் போதும். சளி கண்டவர் தள்ளி இருக்க வேண்டும். தாய்க்கே சளியென்றால் பாலை நிறுத்தலாகாது. கை கழுவி, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தினாலோ தூய துணியினாலோ மூடிக்கொண்டு பால் கொடுக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

அந்தத் தந்தை பாவை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணியதற்காக அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கூலி கையில் வந்தால்தான் பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் என்ற நிலையில் இருப்பவர் வேறெப்படி எண்ணுவார்? அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணமில்லை. 108 வண்டிக்கும் பணமில்லை. ஆனால் தறி நிற்கும் நாட்களின் கூலி யார் தருவார் என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. அந்த விடையைக் கூறவேண்டியது சங்கம்.

ஆகவே மூன்று யோசனைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம். முதலாவது, சிசு நோயுற்ற இல்லத்தில் துணி ஒப்படைக்கத் தாமதமானால் அபராதமோ பிடித்தமோ கூடாது. உழவர் சங்கத்திலும் தவணைக்கு அவ்வாறே சலுகை வேண்டும். இரண்டாவது, அத்தகைய இல்லத்துக்கு அன்றைக்கே ஒரு சிறு முன்பணம் கொடுக்கத் தலைவருக்கும் செயலருக்கும் மகாசபை அதிகாரம் அளிக்கலாம். மூன்றாவது, நூல் கொடுக்கவும் துணி எடுக்கவும் வீடு வீடாகச் செல்லும் நம் பணியாளர்கள், சளியிருந்தால் வாயிலிலேயே நின்று காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றாவதற்குச் செலவு ஒன்றுமில்லை. இதை நாமே முதலில் கைக்கொண்டுவிட்டோம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழாம் மாதம். சென்ற வாரம் அவ்வில்லத்துக்குச் சென்றபோது தறியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார முயன்றுகொண்டிருந்தது. பாட்டியார் வழக்கம்போல் எடுத்துக் கொடுக்க வந்தவர், சற்றே தயங்கி, “கை கழுவிட்டு வாங்க தம்பி, தண்ணி அங்கே இருக்கு” என்றார். அச்சொல்லைக் கேட்டு நாம் சிறிதும் வருந்தவில்லை; பெரிதும் மகிழ்ந்தோம். கிணற்றடியில் சோப்பு ஒன்று புதிதாய் வைக்கப்பட்டிருந்தது. அங்கத்தினர் ஒவ்வொருவர் இல்லத்திலும், வரும் விருந்தினரிடம் கூசாமல் இச்சொல்லைச் சொல்லும் துணிவு பிறக்குமாயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.